காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது

போன மாதம், நான் வேலை பார்த்த சைக்கிள் ஷோரூமிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. "சார், செயின் மாத்துன பிறகு வண்டி ஸ்லிப் ஆகுதுன்னு நிறையப் பேரு வர்றாங்க. முதல்ல எதைப் பாக்கணும், அப்புறம் எதைப் பாக்கணும்னு வரிசையா ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா புதுசா சேந்தவங்களுக்கு உதவியா இருக்கும்." அனுப்பியவர் இப்போதைய சர்வீஸ் பொறுப்பாளர். நல்ல மனிதர். நான் ஓய்வு பெற்ற அன்று சால்வையும் போர்த்தி, அதை மடித்து எடுத்துப் போக ஒரு பையும் கொடுத்தவர்.

ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். நான்கு வரி தடங்கல் இல்லாமல் வந்தது. ஐந்தாவதாக, 'ஏற்றத்தில் நின்று மிதித்துப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள்' என்று எழுத வேண்டும். அதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல ஒரு பக்கம் போதாது. அவர்கள் கேட்டது இதுவல்ல என்று எனக்கும் தெரியும்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதையில் சுவாரசியம் எதுவும் கிடையாது. கம்பைநல்லூரில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பத்து வருஷம் அதுதான். பிறகு தருமபுரிக்கு வந்தேன். கியர் சைக்கிள்கள் வரத் தொடங்கியதும், தடித்த டயர் போட்ட மலை சைக்கிள்களைப் பார்த்துப் பயந்த மெக்கானிக்குகளில் நானும் ஒருவன். அந்தப் பயத்தைப் போக்கியவர் சூசைராஜ் சார். ஷோரூமில் சர்வீஸ் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அவருக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

ஒல்லியான மனிதர். பட்டறையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்வார், அதில் ஒரு பொட்டு கிரீஸ் படாது. எங்களைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். திட்டவே மாட்டார். திட்டிவிட்டால் தேவலை என்று நாங்கள் ஏங்குகிற அளவுக்கு அமைதியாக இருப்பார்.

வண்டி வந்ததும் தொட மாட்டார். முதலில் மூன்று கேள்வி கேட்பார். எந்தக் கியரில்? ஏற்றத்திலா, சமதளத்திலா? உட்கார்ந்து மிதிக்கும்போதா, நின்று மிதிக்கும்போதா? அதன் பிறகு இரும்பு ஸ்கேலை எடுத்துச் செயின்மேல் வைப்பார். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் தொடக்கத்தை வைத்தால், பன்னிரண்டாவது அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வந்து நிற்க வேண்டும். அரை நூல் தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம் தள்ளி நின்றால், அந்தச் செயின் பல்லையும் தின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போது பின்சக்கரத்தின் ப்ரீவீலையும், அதாவது பல்சக்கரங்கள் அடுக்கிய அந்தத் தொகுதியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

காரணம் எளிது. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்து தேய்ந்தவை. ஒன்றின் கோணலுக்கு இன்னொன்று பழகியிருக்கும். புதுச் செயினின் இடைவெளி சரியாக இருக்கும், பல் சரியாக இருக்காது. செயின் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் சரிவில் ஏறி நிற்கும். சும்மா சுற்றினால் தெரியாது. உடம்பு எடையெல்லாம் பெடலில் இறங்கும்போதுதான் ஒரு பல் தாண்டும். மிதிக்கிறவரின் கால் திடீரென்று ஒன்றுமில்லாத இடத்தில் இறங்கும்.

"லோடு இல்லைன்னா வண்டி பொய் சொல்லுங்க" என்பார் சூசைராஜ் சார். அதனால் ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்துக்கு ஒவ்வொரு வண்டியையும் அவரே ஓட்டிக்கொண்டு போவார். ஒருமுறை ஒரு பேங்க் அதிகாரியின் வண்டி எத்தனை தடவை ஏறியும் நழுவவே இல்லை. அவரோ நழுவுகிறது என்று சாதித்தார். சார் திரும்பி வந்து எங்கள் முதலாளியிடம் போய், "நான் அம்பது கிலோங்க. என்னைய இந்த வண்டி மதிக்க மாட்டேங்குது. நீங்க ஒருக்கா வாங்க" என்றார். முதலாளியின் உடம்புக்கு அந்த சீட் ஒரு பொருட்டே இல்லை. பாதி ஏற்றத்தில் வண்டி நழுவியது. முதலாளி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்ததைப் பார்த்து நாங்கள் ஸ்டோர் அறைக்குள் போய்ச் சிரித்தோம்.

சர்வீஸ் கார்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கும்வரை அந்தக் கட்டத்தை நிரப்ப அவர் விட்டதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் கண் ஆபரேஷனுக்காகச் சேலம் போனார். ஒரு மாதம் பொறுப்பு என்னிடம் வந்தது. அவருடைய மேஜை, அவருடைய ஸ்கேல், அவருடைய பேனா. மறைப்பானேன், எனக்குத் தலை கால் புரியவில்லை. வருகிற வண்டியை அன்றைக்கே முடித்துக் கொடுத்து, சாரைவிட நான் வேகம் என்று முதலாளியிடம் பெயர் வாங்கப் பார்த்தேன்.

அந்த முதல் வாரத்தில் ரேவதி வந்தாள். காரிமங்கலம் பக்கத்து ஊர். கல்லூரி முதல் வருஷம். பெங்களூரில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் ஓட்டிச் சலித்துக் கொடுத்த மலை சைக்கிள் அவளுடையது. பின்னால் ஏழு கியர். மூன்று வாரத்தில் அவளுக்கு ஒரு தேர்வு ஓட்டம் இருந்தது. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் பக்கமாக மலைப்பாதையில் மேலே ஏற வேண்டும். மாவட்டத்திலிருந்து ஒரு பெண்ணை மட்டும் எடுப்பார்கள். எடுத்தால் விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் அங்கேயே.

"இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"இல்லைன்னா ஓசூர் கம்பெனிங்கண்ணா. எங்கப்பா பேசி வெச்சிட்டாரு. ரெண்டு வருசமா மழ இல்லீங்க, காடு வெளையல."

சொல்லும்போது வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. செயினில் ஒரு கண்ணி வாய் பிளந்திருந்தது. மாற்றிவிடச் சொல்லி அவளுடைய விளையாட்டு ஆசிரியர் அனுப்பியிருந்தார்.

ஸ்கேலை வைத்தேன். ஒரு நூல் தாண்டியிருந்தது. அது என் கண்ணில் பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவு ப்ரீவீல் எங்களிடம் இருப்பு இல்லை. சொல்லி வைத்தால் பெங்களூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். பல்லைப் பார்த்தேன். கரி பிடித்திருந்தது, துடைக்கவில்லை. துடைத்திருந்தால் இரண்டாவது மூன்றாவது பல்சக்கரங்களில் பல்லெல்லாம் கிளிமூக்காக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது தெரிந்திருக்கும். 'ஓடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புதுச் செயினை மட்டும் போட்டேன். ஸ்டாண்டில் தூக்கி மாட்டி, கையால் பெடலைச் சுற்றி, ஏழு கியரும் மாற்றிக் காட்டினேன். சத்தமே இல்லை. அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். கழற்றிய சாமானை வண்டிக்காரரிடமே கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுக்காவிட்டால் மாற்றவே இல்லை என்று சந்தேகப்படுவார்கள். பழைய செயினைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து வந்தாள். "அண்ணா, ஏத்தத்துல எந்திரிச்சு மிதிச்சா டக்குனு வழுக்குதுங்க."

சாருடைய மூன்று கேள்விக்கும் அந்த ஒரே வாக்கியத்தில் பதில் இருந்தது. நான்தான் கேட்கவில்லை. கியர் ஒயர் தளர்ந்திருக்கும் என்று முடிவு கட்டி, செயினைக் கியர் மாற்றித் தள்ளும் டீரெய்லரின் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி, மறுபடி ஸ்டாண்டில் சுற்றிக் காட்டினேன். ஸ்டாண்டில் எப்போதும் போல நன்றாகத்தான் ஓடியது.

அடுத்த வாரம் மறுபடி வந்தாள். இந்த முறை முழங்காலுக்குக் கீழே நீளமாகத் தோல் உரிந்து, மஞ்சள் அப்பியிருந்தாள். நான் செயினைக் கண்ணி கண்ணியாக விரலால் மடக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு கண்ணி கொஞ்சம் விறைப்பாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அதை நெகிழ்த்தி, கடை வாசலில் சமதளத்தில் ஓட்டியும் பார்த்தேன். சமதளத்தில் யார் ஏற்றத்துக் கியரைப் போடுவார்கள்? அவள் என்றைக்குமே தேய்க்காத சின்னப் பல்சக்கரத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கினேன். கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். முதலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாக அதே வண்டி.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "உன் மிதிதான் சரியில்ல. ஒரு காலுல வெட்டி வெட்டி மிதிக்கிற. அப்பிடி மிதிச்சா எந்தச் செயினும் நிக்காது. எந்திரிக்காத, உக்காந்து சீரா மிதி."

அவள் தன் காலைப் பார்த்தாள். "என் காலுலயாங்கண்ணா இருக்குது?"

"ஆமாம்மா."

"சரிங்கண்ணா. மாத்திக்கிறேன்" என்றாள்.

இருபது வருஷம் அனுபவமுள்ளவன், முடி நரைத்தவன் சொல்கிறேன், அவள் நம்பாமல் என்ன செய்வாள்? கார்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் சாருடைய பேனாவால் 'ஓட்டும் முறை' என்று எழுதினேன்.

தேர்வு முடிந்த இரண்டாம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சூசைராஜ் சாரும் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே நான் மட்டும் இருந்தேன்.

"நீங்க சொன்னாப்பலயே உக்காந்தே ஏறுனேங்கண்ணா. பாதி தூரம் நான்தான் முன்னாடி. கடைசி வளைவுல ஒரு புள்ள எந்திரிச்சு மிதிச்சு என்னையத் தாண்டிப் போச்சு. எனக்கும் மூச்சு இருந்துச்சுங்க, கால்ல தெம்பு இருந்துச்சு. ஆனா எந்திரிக்கப் பயம். அப்புறம் மனசு கேக்காம எந்திரிச்சேன். வழுக்கி வுழுந்துட்டேன். நீங்க சொன்னது சரிதாங்க. என் மிதிதான்."

அழவில்லை. வண்டியை யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொன்னாள். "இதுக்குமேல எனக்கு எதுக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சார் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் அவர் கண் நின்றது. எந்தக் கியரில், எங்கே, எப்படி மிதித்து என்று மூன்று கேள்வியையும் என்னிடம் கேட்டார். சொன்னேன். ஆபரேஷன் ஆனதால் அவர் வண்டி ஓட்டக் கூடாது. "வாங்க, மேம்பாலத்துக்குப் போலாம்" என்று என்னை ஓட்டச் சொன்னார். வெயிலில் கறுப்புக் கண்ணாடியோடு ஏற்றத்தின் அடியில் நின்றுகொண்டார்.

"மூணாவதுல போட்டுக்கிட்டு, எந்திரிச்சு மிதிங்க."

இருபது அடிகூடப் போகவில்லை. டக்கென்று ஒரு சத்தம். வலது கால் கீழே போனது, ஹேண்டில்பார் என் நெஞ்சில் இடித்தது. எப்படியோ விழாமல் காலை ஊன்றிவிட்டேன். நான் சமாளித்துவிட்டேனே என்றுதான் முதலில் தோன்றியது. அவள் இதில் மூன்று வாரம் ஏறியிருக்கிறாள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

சார் பட்டறைக்குத் திரும்பி, பழைய இரும்புப் பீப்பாயில் தேடி, ஒரு நூல் தேய்ந்த ஒரு செயினை ஸ்கேலில் அளந்து எடுத்துக் கொடுத்தார். "புதுச கழட்டிட்டு இதப் போடுங்க." போட்டேன். மறுபடி மேம்பாலம், அதே கியர், எழுந்து நின்று மிதித்தேன். ஒருமுறைகூட நழுவவில்லை. உச்சிவரை ஏறிப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். நான் அந்த வண்டியில் வேறெதையும் தொடாமல் பழைய செயினில் ஒரு கண்ணியை மட்டும் சரி செய்து அனுப்பியிருந்தால் அவள் ஏறிப் போயிருப்பாள். கீழே இறங்கி வந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

ப்ரீவீலைக் கழற்றித் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். சாய்ந்த பல்லை நானே விரலால் தடவினேன்.

"அந்தப் புள்ளைகிட்ட என்னான்னு சொன்னீங்க?"

"மிதி சரியில்லைன்னு சொன்னேங்க."

"நம்புச்சுங்களா?"

"நம்புச்சுங்க."

அவர் ஸ்கேலைத் துடைத்து இடத்தில் வைத்தார். "போயி சொல்லிட்டு வாங்க."

"புது ப்ரீவீல் வரட்டுங்க. வண்டிய ரெடி பண்ணி எடுத்துக்கிட்டே போறேன்."

"வண்டி அப்புறம் போவட்டும். நீங்க போங்க."

நான் போகவில்லை. மறுநாள் போகலாம் என்று இருந்தேன், அதற்கு மறுநாளும். அவள் முன்னால் போய் நின்று என்ன வார்த்தை சொல்வது என்று நினைக்கும்போதெல்லாம் வேறு வண்டி ஒன்றை எடுத்து ஸ்டாண்டில் மாட்டிவிடுவேன். ப்ரீவீல் வந்ததும் மாட்டினேன், மேம்பாலத்தில் ஐந்து தடவை ஏறிப் பார்த்தேன், சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டில் அவள் அப்பா மட்டும் இருந்தார். களத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா ஓசூர் போயிருச்சுங்க. நேத்துதான் கம்பெனி வண்டியே வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு. வூடு வெறிச்சுனு இருக்குது" என்றார். பிறகு சைக்கிளைப் பார்த்து, "என்னாங்க கோளாறு இருந்துச்சு?" என்று கேட்டார்.

சொல்ல வாயெடுத்தேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். என்னைப் பெரிய உதவி செய்ய வந்தவனாக நினைத்து உபசரிக்கிற மனிதரிடம் உண்மையை விழுங்கிவிட்டேன்.

"சின்ன வேலதாங்க. முடிச்சிட்டேன்" என்றேன்.

அவர் வண்டியை ஆட்டுப்பட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார். திரும்பி வந்ததும் சார், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். "சொல்லிட்டேங்க" என்றேன். அவர் கார்டை எடுத்து, நான் எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டு, 'பல் தேய்மானம்' என்று பக்கத்தில் எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மூன்று வருஷம் கழித்து ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார், அடுத்த வருஷமே இறந்தும் போனார். நான் சொன்னதை நம்பிக்கொண்டே போய்விட்டார் என்பது அடக்கத்துக்குப் போய் நின்றபோது என்னை அறுத்தது.

அதற்குப் பிறகு ஒரு வண்டியையும் ஏற்றத்தில் ஓட்டாமல் நான் கொடுத்ததில்லை. ஓட்டுகிறவர்மேல் பழி போட்டதும் இல்லை. கடையில் என்னைக் கறாரான ஆள் என்று புகழ்ந்தார்கள். பிரிவு உபசார நாளிலும் அதைத்தான் பேசினார்கள். எனக்கு அந்தச் சால்வை கழுத்தில் முள்ளாகக் குத்தியது.

ஓய்வு பெற்றுச் சில மாதம் கழித்துக் காரிமங்கலம் சந்தைக்குப் போயிருந்தேன். கேழ்வரகு வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காக ரேவதி நின்றுகொண்டிருந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

"சைக்கிள் கட அண்ணனுங்களா? நல்லா இருக்கீங்களா?"

லீவுக்கு வந்ததாகவும், இப்போது அவளுக்குக் கீழே பதினைந்து பேர் வேலை பார்ப்பதாகவும் சொன்னாள். சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "யாரும் ஓட்டலீங்க. அப்பிடியே கெடக்குது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. சந்தைக் கூட்டத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேலில் பார்த்தது, துடைக்காமல் விட்டது, மேம்பாலத்தில் நானே நழுவியது.

"உன் கால்ல ஒரு குத்தமும் இல்லம்மா. வண்டிதான். தப்பு என்னுது."

அவள் கோபப்படுவாள் என்று நின்றேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது உங்களுக்கு எப்பத் தெரியுங்கண்ணா?"

"நீ வண்டிய வுட்டுட்டுப் போன அன்னிக்கி சாயந்தரமே."

கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் இரண்டடி நடந்து திரும்பினாள்.

"அடுத்த வருசமும் அந்தத் தேர்வு வெச்சாங்கண்ணா. எனக்கு வயசு இருந்துச்சு. வாத்தியாரு ஓசூருக்கே வந்து கூப்புட்டாரு. என் காலு சரியில்லைங்க சார்னு நான்தான் சொல்லி அனுப்பிட்டேன்."

குரல் உயரவே இல்லை. ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பஸ் கிளம்பும்வரை என் பக்கம் பார்க்கவில்லை. நான் கேழ்வரகுப் பையைத் தரையில் வைத்துவிட்டு, பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.